ஏழாயிரம் ரூபாயும் நாற்பது ஆண்டும்

2025 ஜூலையில் பொதுத்துறை நிறுவனமான பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ் (பெல்), தன் ஆலைகளுக்கு 515 ஆர்ட்டிசன்களை எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் சேர்ந்த அந்தக் கணக்கில் வெல்டருக்கு 97 இடம். முதல் ஓராண்டு தற்காலிகப் பணி. அதை முடித்தால் 29,500 ரூபாயில் தொடங்கி 65,000 வரை போகும் ஊதிய விகிதம். ஓராண்டு ஐ.டி.ஐ. படிப்பை வைத்து இந்த நாட்டில் ஒரு வெல்டர் எட்டக்கூடிய நல்ல தொடக்கச் சம்பளங்களில் இது ஒன்று. ஆனால் தகுதிப் பகுதியில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. தரும் என்.டி.சி. சான்றிதழும் மட்டும் போதாது. அப்ரண்டிஸ் பயிற்சி முடித்ததற்கான என்.ஏ.சி. சான்றிதழும் வேண்டும். இரண்டிலும் பொதுப் பிரிவினருக்கு 60 சதவீத மதிப்பெண் வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் வெல்டிங் முடித்த பையன்கள் பலர் வடிகட்டப்படுவது அந்த இரண்டாவது சான்றிதழில்தான். அது இல்லாமல் போவதற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ அல்ல. அதற்கு ஒரு விலை இருக்கிறது. வீட்டுக்குப் பணம் தேவைப்படும் வயதில், ஓராண்டு முழுவதும், கூடுதல் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதே அந்த விலை.

வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை, குறைந்திருக்கிறது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று பதிவு செய்தது. காஞ்சிப் பட்டு அந்தச் சராசரியைவிட மேலான சரக்கு என்பது உண்மை. புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. ஆனால் கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோர்க்க, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல காலம் அந்தக் கை வீட்டுப் பிள்ளையின் கையாகவே இருந்தது. 1990களில் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு வலுத்தபின் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். படித்த பிள்ளைகள் குழித்தறியில் திரும்ப இறங்கவில்லை.

அதே காலத்தில் கிழக்கே ஆலைகள் எழுந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சாண்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு, 2015இல் வல்லம் வடகாலில் யமஹா. வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கின. 'கம்பெனிக்குப் போறான்' என்பது பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொல்லத்தக்க பதிலாயிற்று.

வெல்டர் பிரிவு ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வேறு. மாவட்டத்துக்குள்ளேயே ஒரகடத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தில், 'தொழில் 4.0' மையம் 2023இல் அங்கே திறக்கப்பட்டது.

ஓராண்டில் முடிவது இந்தப் படிப்பின் கவர்ச்சி. அதுவே அதன் முட்டுக்கட்டையும்கூட. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஓராண்டு மட்டும் படித்த வெல்டருக்கு, பிளஸ் டூ முடித்திருந்தாலொழிய, அது திறப்பதில்லை. சேர்க்கைக் கவுன்டரில் நிற்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு யாராவது முதலில் சொல்லவேண்டிய செய்தி இதுதான். 'வெல்டர் சீக்கிரம் முடிஞ்சிடும், சீக்கிரம் சம்பாதிக்கலாம்' என்பதே பெரும்பாலும் காதில் விழுகிறது.

சரி, படித்து முடித்தாயிற்று. எவ்வளவு கிடைக்கும்?

அப்ரண்டிஸ் சட்டம் 1961ஆம் ஆண்டினுடையது. 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, பட்டதாரிக்கு 9,000. 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் கூடி இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஆண்டுதோறும் அப்ரண்டிஸ்களை எடுக்கிறது. வெல்டரும் அதில் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ஓராண்டு, ஏழாயிரம் ரூபாய். பெரம்பூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தினமும் வந்துபோவது கடினம். அறை வாடகையும் சாப்பாடும் போனால் மீதி என்ன என்பதை அம்மாக்கள் விரல்விட்டே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம் கான்ட்ராக்டர் நிற்கிறார். அவர் சொல்லும் தொகை ஏழாயிரத்தைவிட நிச்சயம் அதிகம், ஓ.டி. பார்த்தால் இன்னும் கூடும். அதையும் கொஞ்சம் உடைத்துப் பார்க்கவேண்டும். மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் வருவது 13,087. பேசிய தொகை முதலாளியின் பங்கையும் சேர்த்த தொகையாக இருந்தால் அதைவிடவும் குறையும். இந்தப் பிடித்தங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிடித்தமே இல்லாமல் முழுத் தொகையைக் கையில் தரும் பட்டறைதான் உண்மையில் பயப்படவேண்டிய இடம். அங்கே விபத்து நடந்தால் ஈ.எஸ்.ஐ. அட்டையும் இருக்காது, வேலை பார்த்ததற்கான தடயமும் இருக்காது.

ஆக, முதல் நாள் கணக்கில் கான்ட்ராக்ட் வேலை அப்ரண்டிஸைத் தோற்கடித்துவிடுகிறது. தறி நாடாவைக் கைவிட்ட குடும்பத்துக்கு, வாரக் கடன் நிலுவையிருக்கும் குடும்பத்துக்கு, அந்த ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம் சின்னதல்ல. ஓராண்டுக்கு அது எழுபதாயிரத்தைத் தாண்டும். அந்த எழுபதாயிரத்துக்குத்தான் என்.ஏ.சி. விலைபோகிறது. தொடக்கச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தொழிலை எடைபோடும்போது வரும் கோளாறு இது: குறைவாகத் தொடங்கும் பாதை ஒரு தாளைத் தருகிறது, அதிகமாகத் தொடங்கும் பாதை பெரும்பாலும் எதையும் தருவதில்லை.

அடுத்த கேள்வி, ஆலைக்குள் அந்தப் பையன் உண்மையில் வெல்டிங் செய்கிறானா என்பது.

ஒரு காரின் உடற்கூட்டில் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகள் இருக்கும். பெரிய ஆலைகளில் அவற்றை ரோபோக்களே வைக்கின்றன. 2023இல் மட்டும் இந்தியத் தொழிற்சாலைகளில் 8,510 ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன என்கிறது பன்னாட்டு ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பு. முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் கூடுதல், முன்னிழுத்தது வாகனத் துறை. பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகளிலும் சிஓ2 வெல்டிங்கை ரோபோ அடிக்க, மனிதன் ஃபிக்ஸ்சரில் பாகத்தை மாட்டி பட்டனை அழுத்துகிறான். ரோபோ தவறவிட்ட இடத்தைக் கையால் சரிசெய்யும் ரீவொர்க் மட்டும் ஆள் கையில் மிஞ்சியிருக்கிறது. மூன்று ஆண்டு அப்படி வேலைசெய்து வெளியே வருபவனின் அடையாள அட்டையில் 'வெல்டர்' என்று இருக்கும். அவன் கை தொட்டது பாகங்களையும் பட்டனையும்தான்.

ஊருக்குள் இருக்கும் கிரில் பட்டறை இதற்கு நேர் எதிர். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தகர ஷெட் என்று அங்கே கை ஓயாது. தறிக்கூலி சேலைக் கணக்கில் வருவதுபோல் இங்கே கிலோ கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ பேசிக்கொள்கிறார்கள். ஹெல்பராகச் சேர்ந்து, கிரைண்டிங் பிடித்து, ராடு எடுத்துக் கொடுத்து, ஒருநாள் கையில் ஹோல்டர் வரும். நல்ல பயிற்சிதான். ஆனால் பட்டறையில் ஓடுவது பெரும்பாலும் மெல்லிய இரும்பும் 6013 ராடும். கொதிகலனுக்கும் பாலத்துக்கும் வேண்டிய 7018 ராடு வேறு ரகம். ஈரம் ஏறினால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும் என்பதால் அதை அடுப்பில் வாட்டி, சூடு ஆறாத பெட்டியில் வைத்து எடுக்கவேண்டும். கிரில் பட்டறையில் அந்த அடுப்புக்கு வேலையே இல்லை.

இன்றைய ராடுகளின் மூதாதையைச் செய்தவர் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி. இரும்புக் கம்பிக்கு மேல்பூச்சுக் கொடுத்து வெல்டைக் காற்றிலிருந்து காக்கலாம் என்று கண்டு, 1904இல் அவர் தொடங்கிய எசாப் நிறுவனத்துக்கு இன்று இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஆலை இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பையன்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் வட்டாரம்தான்.

கையால் செய்யும் வெல்டிங்கில் உண்மையான பணம் இருக்கும் இடம் குழாய். அழுத்தம் தாங்கவேண்டிய குழாய். அதற்கான தேர்வுகளுக்கு எண்ணும் எழுத்தும் கொண்ட பெயர்கள் உண்டு. 1ஜி என்றால் குழாய் படுத்துக்கிடந்து சுழலும், வெல்டர் மேலிருந்து வைப்பார். 5ஜியில் குழாய் அசையாது, வெல்டர்தான் கீழிருந்து மேலாகச் சுற்றி வரவேண்டும். 6ஜியில் குழாய் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும். ஒரே மூட்டில் எல்லாக் கோணங்களும் வந்துவிடும். பெரும்பாலும் முதல் அடுக்கான ரூட்டை ஆர்கானில் போட்டு, மேலடுக்குகளை ராடால் நிரப்புவார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். காற்றுக்குமிழ், உள்ளே மாட்டிய கசடு, ஒட்டாமல் விட்ட ஓரம் எல்லாம் படத்தில் தெரிந்துவிடும். நெசவாளி மகனுக்கு விரல் நுட்பம் பிறவியிலேயே வரும் என்று மேடையில் சொல்லக் கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கும். எக்ஸ்ரே படம் அந்தப் பேச்சுக்கெல்லாம் மயங்குவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வித்தையின் தலைநகரம் திருச்சி. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு அமைந்த திருவெறும்பூர் பெல் கொதிகலன் ஆலை 1965இல் இயங்கத் தொடங்கியது. 1975இல் அதன் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.நா. உதவியுடன் அமைந்தது; வெல்டர் முதல் பொறியாளர் வரை அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஆலையைச் சுற்றிச் சிறு ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. திருச்சி வெல்டர் என்றால் வளைகுடாவில் மதிப்பு என்று சொல்வது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. ஆனால் 2010களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது அந்தச் சிறு கம்பெனிகள் பலவும் மூடின, ஆட்கள் சிதறினார்கள். உயர்ந்த திறமை இருந்தும் சந்தை அடங்கிப்போகலாம் என்பதற்கு அந்தப் பத்தாண்டுகள் சான்று. அண்மைக் காலமாக ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன. மேலே சொன்ன 97 இடங்கள் அந்தத் திருப்பத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியவை.

வெல்டரின் தகுதித் தாளுக்கு இன்னொரு குணம் உண்டு. பட்டப்படிப்புச் சான்றிதழைப்போல அது சட்டத்துக்குள் போட்டு மாட்டிவைக்கும் சமாச்சாரம் அல்ல. இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தரும் வெல்டர் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உலகெங்கும் எண்ணெய் ஆலைகள் பின்பற்றும் அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதி, ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறையிலான தகுதி போய்விடும் என்கிறது. ஆகவே வேலை இல்லாத ஆறு மாதம் வெல்டருக்குச் சம்பள இழப்பு மட்டும் அல்ல. திரும்பப் போகும்போது மறுபடியும் டெஸ்ட் அடித்துக் காட்டவேண்டும். என்ன குழாய், என்ன முறை, எந்தத் தேதி என்ற பதிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவர்கள் குறைவு. கான்ட்ராக்ட் கம்பெனிகள் தாமாகத் தருவதும் குறைவு.

ஒரு வெல்டரின் வேலைக்காலம் நாற்பது ஆண்டு என்றால், அதை உணர்ந்து பார்க்கச் சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு சொந்த அளவுகோல் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திமரச் சிலையான அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவருவது 40 ஆண்டுக்கு ஒருமுறை: 1979, 2019, அடுத்து 2059. 2019 ஜூலையில் ஊரே இரும்புத் தடுப்புகளுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது பதினெட்டு வயதில் ஹோல்டர் பிடித்த ஒருவன், அடுத்த தரிசனத்தின்போது 58 வயதில் ஓய்வுக்கு நிற்பான். அந்த இடைவெளியை எந்த ஒரே கம்பெனியும் தாங்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்து 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஃபோர்டின் மறைமலைநகர் ஆலை 2022இல் நின்றது. ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலை 2025இல் முழுவதுமாக ரெனோ கைக்குப் போனது.

உடம்பும் அந்த நாற்பது ஆண்டைத் தாங்கவேண்டும். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையையும், வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்தது. எவர்சில்வர் வெல்டிங்கில் குரோமியம், ஜிங்க் பூசிய குழாயில் காய்ச்சல் வரவழைக்கும் துத்தநாகப் புகை, ராடுப் பூச்சில் மாங்கனீசு. ஆர்க்கை வெறுங்கண்ணால் பார்த்தவனுக்கு இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும். பட்டறைகளில் உருளைக்கிழங்கு வில்லையைக் கண்ணில் வைத்துப் படுத்துவிடுகிறார்கள். தலைக்கவசத்துக்குப் பதிலாகக் கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் அடிக்கும் ஆட்களை எந்தக் கடைவீதியிலும் பார்க்கலாம். நாற்பது வயதுக்கு மேல் அருகில் உள்ளதைப் பார்க்கும் திறன் மங்குவது எல்லாருக்கும் வருவது. வெல்டருக்கு அது கூலியையே தொடும் விஷயம்.

வெளிநாடு போனால் நிலைமை மாறும் என்பது பாதி உண்மை. யூடியூபில் காட்டும் அமெரிக்கக் கணக்குப் பொய்யல்ல: 2024இல் அங்கே வெல்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 51,000 டாலர். ஆனால் அங்கேகூடப் பத்தாண்டில் வேலைகளின் எண்ணிக்கை 2 சதவீதம்தான் வளரும் என்று அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் கணிக்கிறது. காலியிடங்களில் பெரும்பாலானவை ஓய்வு பெறுபவர்கள் விட்டுப்போகும் இடங்கள். காஞ்சிபுரத்துப் பையனுக்கு விசா கிடைக்கும் நாடுகள் வேறு: குவைத், கத்தார், சவூதி, சிங்கப்பூர். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். 1978இலேயே தமிழ்நாடு அரசு இதற்கென அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் திட்டமும் இருக்கிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

உள்ளூரிலேயே தொழில் தொடங்க நினைப்பவருக்கு இன்று முதலீடு முன்பைவிடக் குறைவு. கைப்பெட்டி அளவுள்ள இன்வெர்ட்டர் மெஷின்கள் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. எட்டாம் வகுப்புத் தேறியவருக்கும் மாவட்டத் தொழில் மையத்தின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் மெஷின் மலிவாகும்போது போட்டியும் மலிகிறது. ஒரே தெருவில் மூன்று கிரில் பட்டறை இருந்தால் கிலோ கூலி எப்படி ஏறும்?

நாற்பதுக்குப் பின் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டும் தொழிலில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஆனவர்கள் ஒரு வகை. டை பெனட்ரன்ட், அல்ட்ராசோனிக், ரேடியோகிராஃபி போன்ற சோதனை முறைகளில் இரண்டாம் நிலைச் சான்று வாங்கி, இன்னொருவர் வைத்த வெல்டைத் தேற்றவோ தள்ளவோ அதிகாரம் பெற்றவர்கள் இன்னொரு வகை. பயிற்றுநர் படிப்பை முடித்து ஐ.டி.ஐ.க்கே திரும்புபவர்களும் உண்டு. வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான வெளிநாட்டுத் தேர்வுகளுக்குக் கட்டணம் அதிகம். அதனால் வளைகுடாவில் சில ஆண்டு இருந்து சேர்த்த பணத்தில்தான் பலர் அதை எழுதுகிறார்கள். தேர்வுத் தாளும் விதிமுறைப் புத்தகமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவருக்குக் கை தடுக்காத இடத்தில் அது தடுக்கிறது. ஓராண்டு வெல்டர் படிப்பில் வேலைக்கான திறன்கள் என்ற பெயரில் கொஞ்சம் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். ஒரு வெல்டிங் செயல்முறைத் தாளை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள அது போதாது.